இடைத்தேர்தலுக்கு ஒரு பிணம்

1

செல்போன் அலறியது!

திருப்பாச்சூர் சிவன் கோயில். காலை பூஜை. சன்னதிக்கு நேர் எதிரே கைகூப்பி நின்றிருந்தாள் சுமலதா. எம்.எல்.ஏ. ஆதிகேசவனின் மனைவி. வயது நாற்பத்தெட்டு. பட்டுப்புடவை. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"எம்.எல்.ஏ. பேருக்குத்தானேம்மா அர்ச்சனை? நட்சத்திரம்?" குருக்கள் கேட்டார்.

"கேட்டை. தீர்க்காயுசுக்குப் பண்ணுங்க சாமி."

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் கூட நடுங்கவில்லை.

போன் விடாமல் அடித்தது. அவள் எதிர்பார்த்துக் கொண்டிருந்த போன்தான். சிப்காட் கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் கூப்பிடுவான். 'அம்மா, ஐயா கதவைத் தொறக்க மாட்டேங்கறாரு' என்பான். உடனே அவள் அலற வேண்டும். கோயிலில் அத்தனை பேர் பார்க்க அலற வேண்டும். மயங்கி விழ வேண்டும். நேற்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கூடப் பார்த்திருந்தாள்.

போனை எடுத்துப் பார்த்தாள்.

வாட்ச்மேன் இல்லை... ஜெரால்ட்!

பிராகாரத்துக்கு ஓடினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நீ ஏன்டா கூப்புடற? வாட்ச்மேன்தானே கூப்புடணும்?"

"அண்ணி... வேலை முடிஞ்சிது."

"முடிஞ்சா வாயை மூடிக்கினு ஊட்டுக்குப் போ. வாட்ச்மேன் கதவைத் தட்டுனானா?"

"கதவைத் தட்டி இன்னா பண்றது அண்ணி? அண்ணன் ரூம்லயே இல்லியே."

"இல்லியா? எங்க இருக்காரு?"

போனில் கிரேன் ஓடும் சத்தம் கேட்டது.

"ஃபர்னஸ்ல அண்ணி."

சுமலதா அலறினாள்!

பழகி வைத்திருந்த அலறல் இல்லை அது. நிஜமான அலறல்!

2

ஆதிகேசவனின் அரசியல் வாழ்க்கை பழைய இரும்பில் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரியில் ஸ்கிராப் ஏற்றும் கூலி. அப்புறம் தொழிலாளர் யூனியன் தலைவர். அப்புறம் கவுன்சிலர். அப்புறம் எம்.எல்.ஏ. இப்போது இரண்டாவது தடவை எம்.எல்.ஏ. பினாமி பேரில் சொந்தமாக ஒரு இரும்பு உருக்கு ஆலையே ஓடியது.

ஒவ்வொரு படி ஏறும்போதும் யாராவது ஒருவர் காணாமல் போனார். யூனியன் தேர்தலில் எதிர்த்து நின்றவர் காணாமல் போனார். ஏரியில் ஆசிட் தண்ணீர் விடுகிறார்கள் என்று மனு போட்டவர் காணாமல் போனார். பிணம் கிடைத்தால்தானே கொலை கேஸ்? பிணமே கிடைக்காது. காந்தம் மாட்டிய கிரேன் ஸ்கிராப்பை அள்ளும். அதோடு சேர்த்து மூடிய தகர டிரம் ஒன்றும் உலைக்குள் போகும். ஆயிரத்து அறுநூறு டிகிரி. எலும்பு கூட மிஞ்சாது.

அந்த வேலையைச் செய்தவன் ஜெரால்ட். ஆலையின் ஸ்கிராப் கான்ட்ராக்டர். வயது ஐம்பத்தி ஐந்து. கல்யாணம் இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன் சொன்னால் செய்வான். இந்தத் தடவை அண்ணி சொன்னாள். செய்துவிட்டான்.

ஆலையின் எடைமேடைக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள் சுமலதா.

"நான் உன்கிட்ட இன்னாடா சொன்னேன்? தலகாணி வெச்சி அமுக்கு, பெட்லயே உட்டுட்டு வா, மாரடைப்புன்னு ஊரை நம்ப வெச்சிக்கலாம்னு சொன்னேனா இல்லியா?"

"அமுக்குனேன் அண்ணி. அண்ணன் சும்மா இருக்கல. மல்லுக்கட்டுனாரு. கழுத்தெல்லாம் நகக் கீறல். மூஞ்சி வீங்கிப் போச்சி. டாக்டரு பாத்தா பேஜாராயிடும். அதான் வழக்கம் போல..."

"வழக்கம் போல?"

"டிரம்முல போட்டு..."

"த்தூ!"

"கோச்சிக்காதீங்க அண்ணி. அண்ணனே சொல்லுவாரு, ஆளு காணாம போனா கேஸு இல்லன்னு."

"கேஸு இல்லடா. சாவும் இல்ல!" சுமலதா தலையில் அடித்துக் கொண்டாள். "பாடி இல்லாம எவன் எனக்கு டெத் சர்டிபிகேட் குடுப்பான்? சட்டசபையில எப்டி இரங்கல் தீர்மானம் போடுவான்? காணாம போனவன் செத்துட்டான்னு சட்டம் ஒத்துக்க ஏழு வருஷம் காத்துக் கெடக்கணும்டா! அனுதாப ஓட்டு எங்கேர்ந்து வரும்? காணாம போனவன் பொண்டாட்டின்னா, எவளோடவோ ஓடிட்டான்னுதான் ஊர் சிரிக்கும். ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு எந்தக் கட்சியில சீட்டு குடுப்பான்?"

ஜெரால்ட் தலையைச் சொறிந்தான். அவன் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

சுமலதா யோசித்திருந்தாள். பல வருடமாக யோசித்திருந்தாள்.

ஒன்றியத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது ஜெயித்தது அவள். நாற்காலியில் உட்கார்ந்தது ஆதிகேசவன். மனு வாங்கியது அவர். மாலை வாங்கியது அவர். சேர்மன் அம்மா வீட்டில் இட்லிக்கு மாவு அரைத்துக் கொண்டிருந்தாள். சாயங்காலம் கட்டுக் கட்டாக பேப்பர் வரும். கையெழுத்துப் போடுவாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அத்தனை ஆபீசர்கள் முன்னால், 'ஏய், எழுந்து போய் சமையலைக் கவனிடி' என்றார் அவர்.

அன்று சிரித்தார்களே... அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

அடுத்த வாரம் கட்சி மாநாடு. மேடையில் ஏறி, 'இனி இந்தத் தொகுதி என் தம்பி தேசப்பனுக்கு' என்று அறிவிக்கப் போகிறார் அந்த மனுஷன். உயிரோடு இருந்தால் சீட்டு தம்பிக்கு. எம்.எல்.ஏ.வாகச் செத்தால் சீட்டு பெண்டாட்டிக்கு. கணக்கு அவ்வளவுதான்.

"அண்ணன் இப்ப எங்கடா?"

"கம்பியாயிட்டாரு அண்ணி. அதோ, லோடு ஏறிக்கினு இருக்கு." தயங்கினான். "வேணும்னா அந்த ஒரு லோடை நிறுத்தி வெக்கட்டுமா?"

"கம்பிய வெச்சி இன்னாடா பண்றது? பூப்போட்டு ஊர்வலம் உடறதா?"

லாரி கிளம்பியது. மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டுக்குத் தூணாகப் போய்க் கொண்டிருந்தார்!

"இப்ப இன்னா பண்ணலாம் அண்ணி? மார்ச்சுவரில ஒரு ஆள் இருக்கான். அநாதைப் பொணம் ஒண்ணு கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம். எதுனா ஒரு பொணம் போதாது. அவருதான்னு போலீசு ஒத்துக்கணும்." சுமலதா முகத்தைத் துடைத்துக் கொண்டாள். குரல் திடீரென்று குளிர்ந்தது. "பாடிய நான் ஏற்பாடு பண்றேன். வாட்ச்மேன்கிட்ட ஐயா விடியக்காலையிலயே கெளம்பிட்டாருன்னு சொல்லிடு. நாளைக்கு மத்தியானம் அண்ணன் காரை எடுத்துக்கினு மீஞ்சூர் தாண்டி சவுக்குத் தோப்புக்கு வந்துடு. காரோட கொளுத்திடலாம்."

"அண்ணி மூளையே மூளை!" என்றான் ஜெரால்ட்.

3

உச்சி வெயில். சவுக்குத் தோப்பில் ஒரு ஈ காக்கா இல்லை. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது.

வெள்ளைக் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக் கொண்டிருந்தான் ஜெரால்ட். ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் சுமலதா. ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"பாடி எங்க அண்ணி?"

"பின்னால வருது. வெயில்ல வந்திருக்கே. மொதல்ல இந்த மோரைக் குடி."

பாட்டிலை நீட்டினாள். கொத்தமல்லி, பெருங்காயம் எல்லாம் போட்ட மோர். ஒரே மூச்சில் குடித்தான்.

"பாப்பா எப்டி இருக்கு அண்ணி?"

"எந்தப் பாப்பா? ஸ்நேகாவா? இருக்கா. அப்பா போன் எடுக்கலன்னு அழுதுக்கினு இருக்கா."

"பாவம். காலேஜ் முடிக்கட்டும். அண்ணன் இல்லாட்டி இன்னா... நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவே. தெரியும்."

ஜெரால்ட் கண்களைக் கசக்கினான். தலையை உதறினான்.

"இன்னா அண்ணி... ஒரு மாதிரியா தூக்கம் தூக்கமா..."

"வெயில்."

"பாடி... பாடி இன்னும் வரல அண்ணி..."

சுமலதா குனிந்து அவன் கன்னத்தைத் தட்டினாள். செல்லமாகத் தட்டினாள்.

"வந்துடுச்சி ஜெரால்ட்."

அவனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? கை எழவில்லை. நாக்கு புரளவில்லை. கண் மட்டும் அகலமாகத் திறந்திருந்தது. அந்தக் கண் பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஆதிகேசவனின் கட்சிச் சின்னம் போட்ட மோதிரத்தை, டிரம்மில் போடும் முன் அவனே கழற்றி அவளிடம் கொடுத்திருந்த மோதிரத்தை, அவன் விரலில் மாட்டினாள். வாட்சைக் கட்டினாள். செயினைப் போட்டாள். சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்!

ஒரு கேன் பெட்ரோல்.

ஒரு தீக்குச்சி.

அவன் கத்தவில்லை. கத்த முடிந்திருந்தால் கத்தியிருப்பான்.

4

சட்டசபை உறுப்பினர் ஆதிகேசவன் கார் தீ விபத்தில் மரணம்!

அவர் ஊரான பொன்னேரியே ஸ்தம்பித்தது. பஜாரில் கடைகள் மூடின. சுவர்களில் கண்ணீர் அஞ்சலி. ஒரு பேனரில் ஆதிகேசவன் சிரித்தார். அவருக்குப் பக்கத்திலேயே, அதே சைஸில், சுமலதா கைகூப்பினாள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடம்பு வீட்டுக்கு வந்தது. உடம்பு என்று சொல்ல முடியாது. துணியில் சுற்றிய ஒரு கரிக்கட்டை. ஸ்நேகா அதைக் கட்டிக்கொண்டு கதறினாள். இருபத்துமூன்று வயது. பல் டாக்டருக்குப் படிக்கிறாள். அப்பாவின் செல்லம்.

"அப்பா... ஒரு தடவ முகத்தைக் காட்டுப்பா... ஒரே ஒரு தடவ..."

சுமலதா மகளை அணைத்துக் கொண்டாள். டி.வி. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அணைத்துக் கொண்டாள்.

ஆண் பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி போட தம்பி தேசப்பன் வந்தான். மொட்டை அடித்து, வெள்ளை வேட்டி கட்டி, மண்பானையைத் தோளில் தூக்கி வைத்தபோது கேமராவைப் பார்த்து ஒரு நொடி நின்றான். கட்சியில் கொள்ளி போட்டவன்தான் வாரிசு என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"அண்ணி, சட்டப்படி மொறை எனக்குத்தான்" என்றான் சுடுகாட்டிலிருந்து வந்ததும் வராததுமாக.

"இன்னா மொறை?"

"சீட்டு மொறை. அண்ணனே என் பேரைச் சொல்றதா இருந்தாரு."

"சொன்னாரா?"

"சொல்றதுக்குள்ள போயிட்டாரே!"

"அப்ப சொல்லல. போய்க் குளி, தீட்டு."

எல்லாம் சரியாகப் போய்க் கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஹனீப் வரும் வரை.

ஹனீப் பழவேற்காட்டுக்காரர். குள்ளமான மனுஷன். எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய். சத்தமாகப் பேச மாட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். ஐயா டிரைவர் சீட்ல இருந்தாரு."

"ஆமா."

"ஏழெட்டு வருஷமா பந்தோபஸ்து பாத்திருக்கேன். ஐயா முன் சீட்ல இடது பக்கம் ஒக்காந்து கும்புடு போட்டுக்கினே போவாரு. ஸ்டியரிங் புடிச்சி நான் பாத்ததே இல்ல."

"மனசு சரியில்லன்னா தனியா எடுத்துக்கினு போவாரு. பொண்டாட்டிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

"அதுவும் கரெக்டுதான். இருந்தாலும் எலும்புல சாம்பிள் எடுத்து வெச்சிருக்கோம். உங்க பொண்ணோட ரத்தம் கொஞ்சம் வேணும். டி.என்.ஏ. டெஸ்ட்டு. அது வந்தாத்தான் சர்டிபிகேட்டுக்கு நான் எழுதித் தர முடியும்."

சுமலதா பயந்திருக்க வேண்டும்.

பயப்படவில்லை. நிதானமாகத் திரும்பினாள்.

"ஸ்நேகா! இங்க வாம்மா. சார் கூடப் போய் ரத்தம் குடுத்துட்டு வா. அப்பாவுக்காக."

விஷயம் எப்படியோ டி.வி.க்குப் போனது. 'எரிந்த உடல் எம்.எல்.ஏ.வுடையதுதானா?' என்று ஓடியது. தேசப்பனுக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன் மகள் ரத்தம் குடுத்து அவளும் அவள் அம்மாவும் பேர் வாங்குவதா? நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். போட்டோகிராபரோடு போனான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மைக் முன்னால் முழங்கினான்.

"என் ரத்தத்தையும் எடுங்க! எங்க அண்ணன் கூடப் பொறந்த ரத்தம் இது! பொறந்த ரத்தம் எது, வாழ வந்த ரத்தம் எதுன்னு தலைமைக் கழகம் தெரிஞ்சிக்கட்டும்!"

டி.வி.யில் பார்த்துக் கொண்டிருந்த ஹனீப் ஏலக்காயைக் கடித்தார்.

"நம்ம கேட்டிருந்தா கூட இவ்ளோ சீக்கிரம் குடுத்திருக்க மாட்டான்" என்றார் பக்கத்தில் நின்ற எஸ்.ஐ. ஹெலனிடம். "எடுத்து அனுப்பும்மா."

சில வாரங்கள் கழித்து முதல் ரிசல்ட் வந்தது. ஸ்நேகாவின் ரத்தம். எரிந்த உடம்பின் எலும்பு.

பொருந்தியது!

செத்தவர்தான் ஸ்நேகாவின் அப்பா. சந்தேகமே இல்லை.

போனை வைத்துவிட்டு சுமலதா அறைக் கதவைச் சாத்திக் கொண்டாள். சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால் ஆதிகேசவன் ஒரு அடிதடி கேஸில் ஜெயிலில் இருந்தார். வெளியே வீட்டுக்குக் காவல் இருந்தவன் ஜெரால்ட். அந்த ரகசியம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும்.

அதில் ஒருவன்தான் கரியாகிவிட்டானே!

5

அடுத்த வாரம். இடைத்தேர்தல் தேதி வரும் முன்பே கட்சி அன்று வேட்பாளரை அறிவிக்கும் என்று சென்னையிலிருந்து தகவல். பொன்னேரி வீட்டு ஹாலில் டி.வி. ஓடியது. வாசலில் கட்சிக்காரர்கள் பட்டாசுச் சரத்தோடு நின்றார்கள். வெளிர் நிறக் காட்டன் புடவை, பொட்டில்லாத நெற்றி. கைகூப்பியபடியே உட்கார்ந்திருந்தாள் சுமலதா. எதிரே ஸ்நேகா. மூலையில் மொட்டைத் தலையில் முளைத்த முடியைத் தடவிக்கொண்டு தேசப்பன்.

ஹனீப் உள்ளே வந்தார். பின்னால் ஹெலன்.

"சர்டிபிகேட்டா சார்?" சுமலதா எழுந்தாள்.

"இல்ல மேடம். ரெண்டாவது ரிசல்ட்டு." தேசப்பனைப் பார்த்தார். "உங்க ரத்தம்."

"என் ரத்தமா? இன்னா ஆச்சி?"

"அண்ணன் தம்பின்னா அப்பா வழியில வர்ற மரபணு அச்சு மாறாம ஒண்ணா இருக்கணும். உங்களுதும் பாடியும் ஒத்தே போகல."

தேசப்பன் முகம் வெளுத்தது.

"ஐயையோ... அப்ப நான் எங்கப்பாவுக்குப் பொறக்கலியா?"

"ஆத்தாவ அசிங்கப்படுத்தாதய்யா! உங்க பெரியப்பா பையன் ரத்தமும் எடுத்தோம். உங்களுதும் அவருதும் ஒண்ணு. நீங்க அந்தக் குடும்பந்தான். பாடிதான் அந்தக் குடும்பம் இல்ல."

ஹெலன் போய் டி.வி.யை அணைத்தாள்.

"சார்..." ஸ்நேகாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்கதானே என் ரத்தம் ஒத்துப்போச்சின்னு சொன்னீங்க?"

"ஒத்துப்போச்சிம்மா."

"அப்ப... அது யாரு?"

ஹனீப் தலை குனிந்தார். இந்த இடத்தில் அவருக்கு ஜோக் வரவில்லை.

"அந்த வாரம் தொகுதியில காணாம போனது ரெண்டு பேரு. எம்.எல்.ஏ.வுக்கு ஊரே அழுதுச்சி. ஜெரால்டை யாரும் தேடல. அவரு ஊட்டைத் தொறந்து ஷேவிங் ரேசரை எடுத்தோம். அதுல இருந்ததும் பாடியும் ஒண்ணுதான்."

ஸ்நேகா அம்மாவைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"ஜெரால்ட் மாமாவா?"

சுமலதா வாசல் பக்கம் பார்த்தாள்.

"என்னைக் கட்டிப்புடிச்சி அழ வெச்சியேம்மா... அது யாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சேதானே ரத்தம் குடுன்னு என்னை அனுப்புன?"

"ஸ்நேகா, அம்மா சொல்றதக் கேளு..."

"தொடாதே!"

வாசலில் ஏதோ ஒரு மடையன் அவசரப்பட்டுச் சரத்தைப் பற்ற வைத்தான். பட்டாசு வெடித்தது. 'சுமலதா அம்மா வாழ்க!' கோஷம் எழுந்தது.

அந்த கோஷம் காதில் விழுந்ததும்தான் அவள் உடைந்தாள். மகளுக்காக உடையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஹனீப் முன்னால் வந்தாள்.

"அவரு செத்துட்டாரு சார்! சத்தியமா செத்துட்டாரு! ஜெரால்ட்தான் ஃபர்னஸ்ல போட்டான். நான்தான் போடச் சொன்ன... இல்ல, கொல்லச் சொன்னேன். போடச் சொல்லல. எப்டியோ, ஆளு செத்தாச்சி! எழுதிக்கோங்க. சீட்டு காலி. இடைத்தேர்தல் வெக்கணும். நான் ஜெயில்ல இருந்துக்கினே நிப்பேன்!"

தேசப்பன் வாயைப் பிளந்தான். ஸ்நேகா காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாடி?" ஹனீப் கேட்டார்.

"கம்பியாயிட்டாரு."

"கம்பி எங்க?"

"வித்தாச்சி."

"நான் நம்பறேன் மேடம். ஆனா ஒரு துண்டு எலும்பு இல்லாம கோர்ட்டு சட்டுனு நம்பாது. ரெக்கார்டுல ஐயா காணாம போனவரு. நீங்க இப்போதைக்கு ஜெரால்டைக் கொளுத்துன கேஸுல வாங்க. மீதிய வழியில பேசலாம்."

ஹெலன் கையைப் பிடித்தாள். சுமலதா வாசலைத் தாண்டும்போது கட்சிக்காரன் ஒருவன் விவரம் தெரியாமல் அவள் கழுத்தில் மாலையைப் போட்டான். ரோஜா மாலை. அதோடேயே ஜீப்பில் ஏறினாள்.

தேசப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். அண்ணன் செத்த துக்கமோ, அண்ணி கொன்ற அதிர்ச்சியோ அவன் முகத்தில் இல்லை.

"சார், சார்! ஒரு நிமிஷம்! அப்ப இடைத்தேர்தல்?"

"அதெப்படி வரும்? உங்க அண்ணன்தான் இன்னும் எம்.எல்.ஏ. ஆச்சே!"

"என்னா சார் அநியாயமா இருக்கு! ஆளையே காணோம். தொகுதிப் பக்கம் வரப்போறதே இல்ல. அப்புறம் எப்டி சார் எம்.எல்.ஏ.?"

ஹனீப் ஜீப்பில் ஏறி, புதிதாக ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக் கொண்டார்.

"தொகுதிப் பக்கம் வரலன்னு பதவியப் புடுங்கணும்னா, சட்டசபையில முக்காவாசி நாற்காலி இன்னைக்கே காலிங்க!"